கடலில் எடுக்கும் முடிவு, கரையில் கேட்கும் கேள்வி: கடலோரக் காவல்படையின் மூத்த அதிகாரியும் அவருடைய பொறுப்பும்

பெங்களூரின் கன்டோன்மென்ட் பகுதியில், 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்கும் நோக்கில் அகலத் தெருக்களுடன் திட்டமிடப்பட்டு, மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கி எழுந்த பிரேசர் டவுன், இன்று அரசு ஏடுகளில் புலிகேசி நகர் என்று வழங்கும் பகுதியாகும். இங்கும் இதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் 'படை' என்றாலே தரைப்படைதான் நினைவுக்கு வரும். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையின் தலைமையகம் இருப்பதும், பழைய மெட்ராஸ் ராணுவத்தோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்னும் இப்பகுதியில் வாழ்வதும் அதற்குக் காரணங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கிழக்கே சென்னைக் கடலுக்கும் மேற்கே மங்களூர்க் கடலுக்கும் ஏறக்குறைய சம தொலைவில் இருக்கும் இந்நகரில், கடலோரக் காவல்படையின் உயர் அதிகாரி என்ன செய்கிறார் என்ற கேள்வி எழுவதற்கே வாய்ப்புக் குறைவு.

ஆயினும் அந்த அதிகாரியின் மிக அவசரமான வேலை பல நேரங்களில் இந்த நகரில்தான் தொடங்குகிறது. பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் இந்திய மிஷன் கட்டுப்பாட்டு மையம் இயங்குகிறது. மூழ்கும் கப்பலிலிருந்து விடுபட்டு மிதந்தபடி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அபாயக் குறிப்பை அனுப்பும் மிதவைக் கருவியின் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ள தரை நிலையங்களுக்கு வந்து, இம்மையத்தில் பொருள் பிரிக்கப்பட்டு, பின்னர் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களிலும் கடலோரக் காவல்படை நடத்தும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களில் உரியதற்குப் போகிறது. இந்தியாவுக்கு மட்டுமன்றி வங்கதேசம், பூடான், மாலத்தீவு, நேபாளம், சீஷெல்ஸ், இலங்கை, தான்சானியா ஆகிய நாடுகளுக்கும் இம்மையமே சேவை தருகிறது. குறிப்பு சென்னையை அடைந்த நொடியிலிருந்து, அது உண்மையான அபாயமா, தவறுதலாக அழுத்தப்பட்ட பொத்தானா, எந்தக் கப்பலைத் திருப்புவது, எந்த விமானத்தை எழுப்புவது, அருகில் செல்லும் எந்த வணிகக் கப்பலிடம் உதவி கேட்பது என்பனவெல்லாம் ஓர் அதிகாரியின் பொறுப்பாகின்றன. அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நேரத்துடன் பதிவேட்டில் ஏறுகிறது. அந்தப் பதிவேடு பல ஆண்டுகள் கழித்து ஒரு விசாரணை ஆணையத்தின் முன்னோ நீதிமன்றத்தின் முன்னோ படிக்கப்படலாம். கடலோரக் காவல்படையில் பதவி உயர உயர ஆயுதத்தின் பங்கு குறைந்து, சட்டத்தின் பங்கும் எழுத்தில் நிற்கும் முடிவின் பங்கும் கூடுகின்றன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

இவ்வியல்பு படையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் மேற்குக் கரையில் தங்கமும் வெளிநாட்டுப் பொருள்களும் படகு படகாகக் கடத்தப்பட்டபோது, அதைத் தடுக்கச் சுங்கத்துறையிடம் போதிய கப்பல்கள் இல்லை. போருக்காகக் கட்டப்பட்ட கடற்படைக் கப்பல்களைக் கடத்தல்காரர்களின் பின்னே ஓட்டுவதோ வீண்செலவு, சட்டச் சிக்கலும் உடையது. 1974இல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டறியப்பட்டபின், கடலுக்கு நடுவே நிற்கும் துளைமேடைகளைக் காக்கும் தேவையும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு, எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவரான கே.எஃப். ருஸ்தம்ஜியின் தலைமையில் அமைந்த குழு, கடற்படையிலிருந்து வேறான ஒரு படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டம் கடலை அடுக்கடுக்காகப் பிரித்தது: கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் முழு ஆட்சிக்கு உட்பட்ட கடல், 24 கடல் மைல் வரை சுங்கம் போன்ற சில சட்டங்களைச் செயல்படுத்தக்கூடிய அடுத்த மண்டலம், 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய், கனிமம் ஆகியவற்றின்மீது மட்டும் உரிமையுள்ள தனிப்பொருளாதார மண்டலம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தப் பரப்பைக் காக்க, 1977 பிப்ரவரி 1 அன்று கடற்படை கொடுத்த 2 பழைய போர்க்கப்பல்களையும் 5 ரோந்துப் படகுகளையும் கொண்டு இடைக்காலப் படை ஒன்று தொடங்கியது. 1978 ஆகஸ்ட் 18 அன்று கடலோரக் காவல்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; மறுநாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் படையை முறைப்படி தொடங்கிவைத்தார். வைஸ் அட்மிரல் வி.ஏ. காமத் முதல் தலைமை இயக்குநரானார்.

கடலோரக் காவல்படைச் சட்டம் இப்படையை ஒன்றியத்தின் ஆயுதப் படை என்று வரையறுக்கிறது; ஆனால் 14ஆம் பிரிவில் அது சுமத்தும் கடமைகளைப் பார்த்தால் பெரும்பாலும் குடிமைப் பணிகளாகவே இருக்கின்றன. துளைமேடைகளைக் காத்தல், மீனவருக்குப் பாதுகாப்பளித்து ஆபத்தில் உதவுதல், கடற்சூழலைக் காத்து மாசு பரவாமல் தடுத்தல், கடத்தல் தடுப்பில் சுங்கத்துறைக்குத் துணைநிற்றல், கடல் மண்டலங்களில் செல்லுபடியாகும் சட்டங்களைச் செயல்படுத்தல் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இந்த இரட்டைத் தன்மை பதவிப் பெயர்களிலும் தெரிகிறது. கப்பலும் சீருடையும் கடற்படையை ஒத்திருக்க, பெயர்களோ அசிஸ்டென்ட் கமாண்டன்ட், டெபுடி கமாண்டன்ட், கமாண்டன்ட், டிஐஜி, ஐஜி, கூடுதல் தலைமை இயக்குநர், தலைமை இயக்குநர் என்று காவல்துறையின் சாயலில் அமைந்துள்ளன. படை பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இருந்தாலும் அதன் அன்றாட வேலை சுங்கம், மீன்வளம், கப்பல் போக்குவரத்து, சுற்றுச்சூழல், மாநிலக் காவல்துறை ஆகியவற்றோடு இணைந்தே நடக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும்: மாநிலக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வேறு, ஒன்றிய அரசின் கடலோரக் காவல்படை வேறு.

அதிகாரியாகச் சேர்பவர் தேர்வில் வென்று, கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படைக் கழகத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்று, கடலில் கப்பலோட்டக் கற்றபின் அசிஸ்டென்ட் கமாண்டன்ட் ஆகிறார். பொதுப்பணி, விமானமோட்டல், தொழில்நுட்பம் ஆகியவற்றோடு சட்டத்துக்கென்றே ஒரு நுழைவு வழி இருப்பது குறிப்பிடத்தக்கது. மேலே செல்லும் பாதை பெரும்பாலும் கப்பலின் அளவைப் பொறுத்தது: முதலில் கரையோரத்தில் விரையும் சிறு இடைமறிப்புப் படகு, பிறகு சில நாட்கள் கடலில் தங்கும் விரைவு ரோந்துக் கப்பல், பிறகு வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பெருங்கடல் ரோந்துக் கப்பல். இவற்றுக்கிடையே கரையில் நிலையப் பொறுப்பு, பயிற்சிப் பொறுப்பு, தலைமையகப் பணி எல்லாம் மாறிமாறி வரும்.

இப்பாதையை முழுமையாகக் காட்டும் வாழ்க்கை 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் இறுதிவரை தலைமை இயக்குநராக இருந்த கிருஷ்ணசாமி நடராஜனுடையது. 1984 ஜனவரியில் படையில் சேர்ந்த அவர் சந்த்பீபி, கனக்லதா பருவா, வீரா, சங்ராம் என்று சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் தலைமை ஏற்றார். பாக் விரிகுடாவின் முன்னணித் தளமான மண்டபம் நிலையத்தையும் சென்னை நிலையத்தையும் கொச்சிப் பயிற்சி மையத்தையும் நடத்தினார். மும்பையில் மேற்குப் பிராந்தியத்தின் தளபதியாக இருந்தபின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சேர்ந்த நாளிலிருந்து உச்சியை அடைய 35 ஆண்டுகள் ஆயின. அவருக்கு முன் தலைமை இயக்குநர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் கடற்படையிலிருந்து வந்த வைஸ் அட்மிரல்களே; படையில் நேரடியாகச் சேர்ந்து வளர்ந்த ஒருவர் அப்பதவிக்கு வந்தது 2016இல் ராஜேந்திர சிங் பொறுப்பேற்றபோதுதான். தன் தலைவரைத் தன்னிலிருந்தே தேர்ந்தெடுக்க ஒரு படைக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன என்பது அந்தப் படையின் முதிர்ச்சியை அளக்க உதவும் ஒரு கணக்கு.

பெண் அதிகாரிகளின் நிலை அந்த முதிர்ச்சி இன்னும் நிறைவுபெறவில்லை என்பதைக் காட்டுகிறது. குறுகிய காலப் பணியில் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டதை எதிர்த்துப் பிரியங்கா தியாகி தொடுத்த வழக்கில், தரைப்படையும் கடற்படையும் ஏற்றுக்கொண்டதைக் கடலோரக் காவல்படை மட்டும் ஏன் ஏற்கக்கூடாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கேட்டது. நிரந்தரப் பணி இல்லாதவருக்கு டிஐஜி, ஐஜி ஆகும் வழியே இல்லை என்பதால், இது மூத்த பதவிகளில் யார் அமர முடியும் என்பதை நேரடியாகத் தீர்மானிக்கும் கேள்வியாகும்.

மூத்த அதிகாரியின் பொறுப்பு எவ்வளவு ஆழமாகச் சட்டத்தில் வேரூன்றியது என்பதை இரண்டு வழக்குகள் வேறெந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டும். முதலாவது, 1999 அக்டோபரில் இந்தோனேசியாவின் குவாலா தஞ்சுங் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 7,000 டன் அலுமினியத்துடன் ஜப்பானுக்குப் புறப்பட்ட அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல். கடற்கொள்ளையர் அதைக் கைப்பற்றி, 17 மாலுமிகளை மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டு, பெயரையும் கொடியையும் மாற்றி அரபிக்கடலை நோக்கிச் செலுத்தினர். கடலோரக் காவல்படையின் தாராபாய் அதைக் கேரளக் கரைக்கு அப்பால் கண்டு துரத்தியது. பின்னர் கடற்படையின் பிரஹார் சேர்ந்துகொள்ள, நவம்பர் 16 அன்று, கொள்ளையர் கப்பலைக் கொளுத்தி மூழ்கடிக்க முயன்ற நிலையில் அது பிடிபட்டது. உலகெங்கும் பாராட்டப்பட்ட அந்த நடவடிக்கைக்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. கடற்கொள்ளை என்ற குற்றத்தை வரையறுத்துத் தண்டிக்கும் தனிச்சட்டம் இந்தியாவில் அப்போது இல்லை. ஆதலால் பிடிபட்ட 15 இந்தோனேசியர்மீது பொதுக் குற்றவியல் சட்டத்தின் பிரிவுகளைக் கொண்டே வழக்கு நடந்தது. 2003இல் மும்பை அமர்வு நீதிமன்றம் அவர்களுக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில், அதாவது அந்தத் துரத்தலுக்கு 23 ஆண்டுகளுக்குப் பிறகு. கடலில் தங்கள் வேலையைச் சரியாகச் செய்த அதிகாரிகளுக்குக் கரையில் சட்டம் துணைநிற்கவில்லை. அந்தக் குறைக்கான பொறுப்பு சட்டம் இயற்றுவோரையே சேரும்.

இரண்டாவது வழக்கு தமிழ்நாட்டில் நடந்தது. 2013 அக்டோபர் 12 அன்று, சியரா லியோன் கொடியுடன் இருந்த சீமேன் கார்ட் ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படையின் நாயகிதேவி இடைமறித்துத் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. வணிகக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க வாடகைக்கு அமர்த்தப்படும் தனியார் பாதுகாவலர்கள் 25 பேரும் மாலுமிகள் 10 பேரும் அதில் இருந்தனர். 35 துப்பாக்கிகளும் 5,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. வழக்கைக் கியூ பிரிவு காவல்துறை ஏற்றது. ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளை 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்துசெய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் விசாரணை தொடர உத்தரவிட்டது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. நான்கு ஆண்டுகளில் நான்கு திருப்பங்கள் கண்ட இவ்வழக்கு முழுவதும் சுழன்றது சில கேள்விகளைச் சுற்றித்தான்: இடைமறித்த நேரத்தில் கப்பல் கரையிலிருந்து எத்தனை கடல் மைல் தொலைவில் இருந்தது, ஏன் அங்கே நின்றது, அவசரத் தேவைக்காக ஒதுங்கிய கப்பலுக்குச் சர்வதேசச் சட்டம் தரும் பாதுகாப்பு அதற்கு உண்டா. 12 கடல் மைல் என்ற கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. அதிகாரி எழுதும் நிலைக்குறிப்பில் மட்டுமே அது இருக்கிறது.

இத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் கோட்பாடு ஒன்றை விளக்குவது பொருத்தம். தொடர் துரத்தல் என்று சர்வதேசக் கடற்சட்டம் கூறும் உரிமையின்படி, ஒரு நாட்டின் மண்டலத்துக்குள் குற்றம் செய்த கப்பலைத் திறந்த கடலிலும் துரத்திப் பிடிக்கலாம். ஆனால் துரத்தல் மண்டலத்துக்குள்ளேயே தொடங்கியிருக்க வேண்டும், நிற்கச்சொல்லும் அறிவிப்பு பார்வைக்கோ செவிக்கோ எட்டும் தொலைவில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், இடையில் அறுபடக்கூடாது, துரத்தப்படும் கப்பல் தன் நாட்டின் அல்லது வேறொரு நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் நுழைந்தவுடன் நின்றுவிட வேண்டும். அந்நிய மீன்பிடிக் கப்பல்களைக் கட்டுப்படுத்தும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலை நிறுத்தவும் ஏறிச் சோதிக்கவும் பிடிக்கவும் அதிகாரிக்கு உரிமை தருகிறது. பிடித்தபின் குற்றவியல் நடுவர்முன் கொண்டுசெல்லும் கடமையையும் சேர்த்தே தருகிறது. ஆகவே இளம் அதிகாரி கப்பலை நெருங்கும்போது, பிராந்தியத் தலைமையகத்தில் இருக்கும் மூத்த அதிகாரி துரத்தலைத் தொடரலாமா, எச்சரிக்கைச் சூடு விடலாமா, திரும்பச் சொல்லலாமா என்பதைச் சட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவராகிறார்.

கடல் சுருங்கும் இடத்தில் இப்பொறுப்பு மேலும் கடினமாகிறது. 200 கடல் மைல் என்ற கணக்கெல்லாம் பாக் விரிகுடாவில் செல்லாது. 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோடு ராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குச் சில மணி நேரப் பயணத்தொலைவில் இருக்கிறது. மீனவரைக் காப்பது சட்டம் சுமத்திய கடமை. மீனவர் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் அதே படைக்குத் தரப்பட்ட வேலை. கோட்டுக்கு அப்பால் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடிக்கும்போது இந்தியக் கப்பல் உள்ளே போக முடியாது. மீன் இருக்கும் இடத்துக்கும் கோடு இருக்கும் இடத்துக்கும் இடையே உள்ள முரணை ஒரு ரோந்துக் கப்பலின் அதிகாரி தீர்க்க முடியாது என்பதை ராமேஸ்வரத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். இருந்தும் கோபம் முதலில் அந்தக் கப்பலின்மீதே விழுகிறது. இழுவலை மீன்பிடிப்புப் பற்றியும் உரிமங்கள் பற்றியும் இரு அரசுகளும் எடுக்க வேண்டிய முடிவுகளைத் தள்ளிப்போட்டு, அதன் சுமையைக் கடலில் நிற்கும் சீருடைக்காரர்மீது ஏற்றுவது முறையன்று.

அதே நீர்ப்பரப்பில் தங்கக் கடத்தலும் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே, துரத்தப்பட்ட படகிலிருந்து கடலில் வீசப்பட்ட 17 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தைக் காவல்படையின் முக்குளிப்பு வீரர்கள் கடலடியிலிருந்து மீட்டனர். அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவில் 32 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கம் பிடிபட்டது. இரண்டிலும் தகவல் வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தினுடையது, படகும் முக்குளிப்பும் கடலோரக் காவல்படையினுடையவை. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கூட்டுவேலைக்கு முறையான வடிவம் தரப்பட்டது. ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்பு கடற்படையின் பொறுப்பாகவும், ஆட்சிக்கடலின் கரையோரப் பாதுகாப்பு கடலோரக் காவல்படையின் பொறுப்பாகவும் 2009இல் பிரிக்கப்பட்டன. மத்திய, மாநில அமைப்புகளை ஒருங்கிணைக்கும் கடமை தலைமை இயக்குநருக்கு வந்தது. அவர் ஒருங்கிணைக்க வேண்டிய அமைப்புகளில் பல அவருடைய ஆணைக்கு உட்பட்டவை அல்ல. பொறுப்பு முழுதாகவும் அதிகாரம் பகுதியாகவும் இருக்கும் இந்நிலையே மூத்த பதவியின் அடையாளம் என்று கூறலாம்.

எண்ணெய்க் கசிவில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1996ஆம் ஆண்டின் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டத்தின்படி கடலோரக் காவல்படையே மைய ஒருங்கிணைப்பு அமைப்பு. ஆனால் துறைமுக எல்லைக்குள் துறைமுகமும் கரையில் மாநில அரசும் பொறுப்பு. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. சேதம் பெரிதல்ல என்ற முதல் நாள் அறிவிப்புகளுக்கு மாறாக, அடர்ந்த உலை எண்ணெய் எண்ணூரிலிருந்து மெரினாவுக்குத் தெற்கேயும் பரவிக் கரைப் பாறைகளில் ஒட்டியது. முதலில் மிகச் சிறிய அளவில் சொல்லப்பட்ட கசிவு பின்னர் நூறு டன்னையும் தாண்டியதென மதிப்பிடப்பட்டது. பாறைகளுக்கிடையே இயந்திரம் நுழைய முடியாததால் இளைஞர்களும் மீனவர்களும் காவல்படையினரும் வரிசையாக நின்று வாளிகளால் கசடை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. கசிவின் அளவை முதல் மணி நேரத்திலேயே உண்மையாக அறிந்திருந்தால் மிதவைத் தடுப்புகளை உரிய இடத்தில் போட்டிருக்க முடியும். அந்த முதல் தகவல் வேறொருவர் கையில் இருந்தது.

கடலிலேயே நின்று அணைக்க முடிந்தபோது நிலை வேறாக இருந்தது. 2020 செப்டம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் பாராதீப்புக்கு வந்துகொண்டிருந்த நியூ டைமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. இலங்கை கேட்ட உதவியின்பேரில் இந்தியக் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் டோர்னியர் விமானமும் சென்றன. அணைந்ததாகக் கருதப்பட்ட தீ மறுபடி மூண்டு, பல நாட்களுக்குப் பின்னரே முற்றிலும் கட்டுக்குள் வந்தது. மாலுமிகள் 23 பேரில் ஒருவர் இறந்தார்; எண்ணெய்க் கிடங்குகள் உடையாமல் கப்பல் இழுத்துச் செல்லப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்தபோதும் வைபவ், வஜ்ரா ஆகிய கப்பல்கள் சென்றன. அக்கப்பல் மூழ்கியது, அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் இலங்கையின் கரைகளை மூடின. இரண்டு நிகழ்வுகளிலும் தலைமை இயக்குநராக இருந்தவர் நடராஜனே. நியூ டைமண்ட் உடைந்திருந்தால் அந்த எண்ணெய் இலங்கையோடு நிற்காமல் தமிழ்நாட்டின் கரையையும் எட்டியிருக்கக்கூடும். நடக்காமல் தடுக்கப்பட்ட பேரழிவு செய்தியாவதில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் பணிக்காலத்தை மதிப்பிட அதுவே சிறந்த அளவுகோல்.

தேடல்-மீட்புப் பணியில் இந்தியா ஏற்றுள்ள பரப்பு 46 லட்சம் சதுர கிலோமீட்டர். தலைமை இயக்குநரே அதற்கான தேசிய ஒருங்கிணைப்பு அதிகாரி. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் மிக விரைவாக வலுப்பெற்றபோது, தூத்தூர், வள்ளவிளை போன்ற குமரி மாவட்ட ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே கரையைவிட்டு நெடுந்தொலைவு சென்றிருந்தனர். எச்சரிக்கையை அவர்களிடம் சேர்க்கும் வழி இல்லை. தேடுவது எங்கே என்ற கேள்விக்குக் கரையில் தெளிவான விடை இல்லாததால், கடலை அறிந்த மீனவர்களே தேடும் கப்பல்களில் ஏறி வழிகாட்ட நேர்ந்தது. உறவினரைப் பறிகொடுத்த ஊர்களின் சினம் நியாயமானது. காவல்படையும் அரசும் அதிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இஸ்ரோ உருவாக்கிய மீனவர் அபாய எச்சரிக்கைக் கருவியின் இரண்டாம் தலைமுறை, குறிப்பை அனுப்புவதோடு, அது பெறப்பட்டது என்ற மறுமொழியையும் படகுக்குத் திருப்பித் தருகிறது. புயல் எச்சரிக்கையையும் அதன் வழியே அனுப்ப முடிகிறது. கடலில் தத்தளிப்பவருக்குத் தன் குரல் கேட்கப்பட்டது என்று தெரிவது சிறிய செய்தி அன்று.

மீட்புக்குச் செல்பவரின் உயிரும் மூத்த அதிகாரியின் கணக்கில்தான் வருகிறது. பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டும் துருவ் வகை ஹெலிகாப்டரின் மூன்றாம் வடிவத்தில் பதினாறு, 2017ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கடலோரக் காவல்படைக்கு வந்தன; அவற்றில் ஒரு பிரிவு 2022இல் சென்னையில் நிறுவப்பட்டது. 2024 செப்டம்பர் 2 இரவில், போர்பந்தருக்கு அப்பால் ஹரி லீலா என்ற எண்ணெய்க் கப்பலில் காயமடைந்த மாலுமியை ஏற்றிவரச் சென்ற இவ்வகை ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, நால்வரில் மூவர் இறந்தனர். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தர் விமான நிலையத்தில் இன்னொன்று விழுந்து மேலும் மூவர் உயிரிழந்தனர். நாட்டின் துருவ் ஹெலிகாப்டர்கள் அனைத்தும் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன. முன்பின் தெரியாத ஒரு மாலுமிக்காக இரவில் கடல்மேல் பறக்க அனுப்புவதா என்ற முடிவை எடுப்பவர், திரும்பி வராதவர்களின் குடும்பத்தையும் சந்திக்க வேண்டியவர்.

1978இல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆகஸ்ட் 18ஆம் நாளில், 46 ஆண்டுகள் கழித்து 2024இல், சென்னையில் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அந்த விழாவுக்காகச் சென்னை வந்திருந்த தலைமை இயக்குநர் ராகேஷ் பால் அன்றே அந்நகரில் மாரடைப்பால் காலமானார். கடமையின் நடுவே முடிந்த அந்த வாழ்வுக்கு இக்கட்டுரை தலைவணங்குகிறது.

பெங்களூருக்கு வரும் அபாயக் குறிப்பு எவ்வளவு விரைவாகச் சென்னையில் ஒரு முடிவாக மாறும் என்பது ஓரளவு கரையில் உள்ளவர்களையும் பொறுத்தது. உலக அளவில் இத்தகைய குறிப்புகளில் மிகப் பெரும்பான்மை தவறுதலாக எழுபவை. ஆகையால் ஒருங்கிணைப்பு மையத்தின் அதிகாரி முதலில் செய்வது, கருவியின் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, படகு கடலில் இருக்கிறதா என்று கேட்பதே. படகு கைமாறி, எண் மாறி, பதிவு மாறாமல் இருந்தால் அந்த அழைப்பு யாரையும் சென்றடையாது. பிரேசர் டவுனிலும் பெங்களூரின் பிற பகுதிகளிலும் வாழ்ந்துகொண்டு, ராமநாதபுரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் கடலுக்குப் போகும் உறவினர்களை உடையவர்கள், அவர்களுடைய கருவியின் பதிவு இன்றைய பெயரிலும் இன்றைய எண்ணிலும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். கடலில் ஒரு படகு ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் கரையிலிருந்து கடலோரக் காவல்படையை அழைக்கும் கட்டணமில்லா எண் 1554.